வானொலியில் எழுத்தை ஒலியாக்கி அனுப்புவது எப்படி?

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகச் செய்யும் அமெச்சூர் வானொலி என்றதும், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, தன்னை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒருவரின் உருவமே பெரும்பாலோர் மனத்தில் எழும். அந்த மைக்குக்கு முன்னால் மனிதக் குரலுக்குப் பதிலாக ஒரு கணினியின் ஸ்பீக்கரை வைத்தால் என்ன நடக்கும் என்பதில்தான் இந்தக் கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. தன் மைக்கில் நுழைவது பேச்சா, பாட்டா, விசில் சத்தமா என்று வானொலிப் பெட்டிக்குப் பிரித்தறியத் தெரியாது. ஏறத்தாழ 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரையில் எந்த ஒலி வந்தாலும் அதை உயர் அதிர்வெண்ணுக்கு ஏற்றி ஆன்டெனாவுக்கு அனுப்பிவிடும். ஆகவே எழுத்துகளை அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலிகளாக மாற்ற ஒரு வழியும், மறுமுனையில் அந்த ஒலிகளை மீண்டும் எழுத்துகளாக்க ஒரு வழியும் இருந்தால், பேசுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பெட்டி, அதன் மூடியைக்கூடத் திறக்காமல், எழுத்துகளைச் சுமக்கும் கருவியாகிவிடும்.

யோசனை பழையதுதான். தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தில் நுழைந்த காலத்தை அறிந்தவர்களுக்கு, இணைப்புக் கிடைப்பதற்கு முன் மோடம் எழுப்பிய கீச்சொலி இன்னும் காதில் இருக்கும். பேசுவதற்காகப் போடப்பட்ட கம்பியில் எழுத்தையும் படத்தையும் அனுப்ப வேண்டியிருந்ததால், அவற்றை முதலில் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றினார்கள். அமெச்சூர் வானொலியில் நடப்பதும் அதுவேதான்; கம்பிக்குப் பதில் காற்றுவெளி இருக்கிறது, மோடத்தின் வேலையைக் கணினியின் ஒலி அட்டையும் ஒரு மென்பொருளும் செய்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த பழைய டெலிபிரிண்டர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசையதிர எழுத்துகளை அச்சிட்டுக்கொண்டிருந்த அமெச்சூர்கள் செய்ததற்கும், இன்று மடிக்கணினியில் நடப்பதற்கும் அடிப்படைக் கருத்தில் வேறுபாடு இல்லை.

வாயால் பேசுவது எளிதாக இருக்க எழுத்து எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நம் குரல் சிற்றலை வானொலியில் ஏறத்தாழ 2,400 ஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. பெறுபவர் அந்த அகலம் முழுவதையும் திறந்துவைத்தால்தான் நம் பேச்சு புரியும். திறந்த வாசல் வழியே நம் குரலோடு வானத்து இரைச்சலும், பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்கின் கரகரப்பும் சேர்ந்தே நுழைந்துவிடும். எழுத்தை அனுப்ப அவ்வளவு அகலம் வேண்டியதில்லை. 31 ஹெர்ட்ஸ் அகலம் போதும் என்று வைத்துக்கொண்டால், உள்ளே வரும் இரைச்சல் 77-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அனுப்புபவரின் ஆற்றல் முழுவதும் அந்தக் குறுகிய கீற்றுக்குள் குவிந்திருக்கும். குரல் சிறிதும் கேட்காத அளவுக்குச் சிக்னல் மெலிந்த பிறகும் எழுத்துகள் திரையில் வந்துகொண்டிருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். மாயம் எதுவும் இல்லை.

இந்தக் குறுகிய கீற்றை மிக அழகாகப் பயன்படுத்திக்கொண்ட முறை பி.எஸ்.கே.31. தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தர விரும்புவதும் இதைத்தான், ஏனெனில் இதில் ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். போலந்தைச் சேர்ந்த பவெல் யவோகா என்ற அமெச்சூரின் யோசனையிலிருந்து தொடங்கி, இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் மார்டினெஸ் இதை 1990-களின் இறுதியில் உருவாக்கினார். வீட்டுக் கணினிகளில் ஒலி அட்டை சாதாரணமாகிவிட்டிருந்த காலம் அது என்பதால், தனிக் கருவி எதையும் வாங்காமலே உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் இதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே சுருதி, இரு திசை

பி.எஸ்.கே.31-இல் மென்பொருள் எழுப்புவது ஒரேயொரு சுருதியைத்தான். எடுத்துக்காட்டாக 1,000 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். சுருதியின் உயரம் மாறுவதில்லை, அதன் கட்டம் மட்டும் மாறுகிறது. கட்டம் என்பதைப் புரிந்துகொள்ள, ஒரே நீளக் கயிறு கொண்ட இரண்டு ஊஞ்சல்களை நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே நேரத்தில் முன்னே போய்ப் பின்னே வருகின்றன என்றால் அவை ஒரே கட்டத்தில் உள்ளன. இப்போது ஒன்றை மெல்லத் தணித்து, ஒரு கணம் நிறுத்தி, எதிர்த்திசையில் தள்ளிவிட்டால், அதன் வேகம் முன்பு போலவே இருக்கும், ஆனால் ஒன்று முன்னே போகும்போது மற்றது பின்னே போகும். சுருதி மாறவில்லை, கட்டம் தலைகீழாகிவிட்டது.

பி.எஸ்.கே.31 ஒவ்வொரு 32 மில்லி விநாடிக்கும் ஒருமுறை இந்த முடிவை எடுக்கிறது: கட்டத்தைத் திருப்பினால் அது 0, திருப்பாமல் விட்டால் அது 1. விநாடிக்கு 31.25 முடிவுகள் என்பதால்தான் பெயரில் 31 வந்தது. ஒலி அட்டைகள் விநாடிக்கு 8,000 முறை ஒலியை அளந்த காலத்தில், 8,000-ஐ 256-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 31.25 கிடைத்ததும், ஒருவர் சாதாரணமாகத் தட்டச்சு செய்யும் வேகத்துக்கு அது பொருந்தியதும் அந்த எண்ணுக்குக் காரணங்கள்.

கட்டத்தைத் திருப்பும்போது ஊஞ்சலை மெல்லத் தணிப்பது என்று சொன்னது வெறும் உவமை அன்று. சுருதியைச் சட்டென்று திருப்பினால் அந்த வெட்டு, அக்கம்பக்க அதிர்வெண்களில் எல்லாம் தெறிக்கும். அதனால் திருப்பத்துக்கு முன் ஒலியின் அளவு படிப்படியாகக் குறைந்து சூனியமாகி, எதிர்க்கட்டத்தில் மறுபடி படிப்படியாக எழுகிறது. தட்டச்சு செய்பவர் யோசித்துக்கொண்டு சும்மா இருக்கும்போது மென்பொருள் தொடர்ந்து 0-களையே அனுப்பும். அதாவது இடைவிடாத திருப்பங்கள். அந்நேரம் ஸ்பீக்கரில் காது வைத்தால், சுருதி சேராத இரு தம்பூராத் தந்திகள் ஒன்றாக மீட்டப்படும்போது எழும் விம்மலைப் போன்ற, ஆனால் அதைவிடப் பன்மடங்கு விரைவான ஒரு ரீங்காரம் கேட்கும். இந்த ஒப்புமையும் இயற்பியல்படி சரியே: இடைவிடாது கட்டம் திரும்பும் ஒரு சுருதி, 31.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும் இரண்டு சுருதிகளுக்குச் சமம்.

எழுத்துக்குத் தக்க நீளம்

0-உம் 1-உம் அனுப்பத் தெரிந்துவிட்டது. இனி எழுத்துகளை அவற்றால் எழுத வேண்டும். 0 அல்லது 1 என்ற ஒவ்வோர் இலக்கமும் ஒரு பிட். பழைய டெலிபிரிண்டர் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து பிட்டுகள் என்று வைத்திருந்தார்கள். ஐந்து பிட்டுகளில் 32 சேர்க்கைகளே உண்டு என்பதால், எழுத்துகளுக்கும் எண்களுக்கும் ஒரே சேர்க்கையைப் பங்கிட்டுக் கொடுத்து, இடையில் ‘இனி எண்கள்’, ‘இனி எழுத்துகள்’ என்று அறிவிக்கும் குறிகளை வைத்தார்கள். அந்த அறிவிப்புக் குறி இரைச்சலில் தொலைந்துவிட்டால் அதன்பின் வருவதெல்லாம் தவறாக வாசிக்கப்படும். சிக்னல் மிக நன்று என்பதற்கான 599 என்ற எண், டீ, ஓ, ஓ என்ற மூன்று எழுத்துகளாகத் திரையில் வந்து நிற்பதை, அந்த முறையைப் பயன்படுத்தும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பழகியவர்கள் அதை 599 என்றே வாசித்துக்கொள்வார்கள்.

மார்டினெஸ் வேறு வழியில் போனார். மோர்ஸ் முறையில் அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறிய குறியும் அரிதாக வரும் எழுத்துக்குப் பெரிய குறியும் இருப்பதைப் போல, தன் அட்டவணையிலும் நீளங்களை வேறுபடுத்தினார். வாரிகோடு என்பது அதன் பெயர். சொற்களுக்கு இடையே வரும் வெற்றிடத்துக்கு 1 என்ற ஒரே பிட், ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ஈ என்ற எழுத்துக்கு 11, டீ-க்கு 101, ஏ-க்கு 1011, அரிதான இஸட்-க்கு 111010101. நீளம் மாறுகிறது என்றால் ஓர் எழுத்து எங்கே முடிந்தது என்று பெறுபவர் எப்படி அறிவார்? அதற்கான விடைதான் இந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எந்த எழுத்தின் குறிக்குள்ளும் இரண்டு 0-கள் அடுத்தடுத்து வரக் கூடாது என்று விதித்துவிட்டு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 00 என்று வைத்தார். இரண்டு 0 வந்தால் ஓர் எழுத்து முடிந்தது என்று பொருள், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் தேநீரைக் குறிக்கும் சொல்லை அனுப்பிப் பார்ப்போம். டீ, ஈ, ஏ என்ற மூன்று எழுத்துகள்: 101 00 11 00 1011 00. மொத்தம் 15 பிட்டுகள். ஒவ்வொன்றுக்கும் 32 மில்லி விநாடி என்றால், சொல் முழுவதும் அரை விநாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் இரண்டு திருப்பங்களாவது கட்டாயம் வருவதால் இன்னொரு நன்மையும் உண்டு. திருப்பத்தின்போது ஒலி சூனியமாவதைக் கவனித்தே பெறும் மென்பொருள் தன் கடிகாரத்தை அனுப்புபவரின் கடிகாரத்தோடு ஒத்துவைத்துக்கொள்கிறது. தனியாக நேரக்குறி அனுப்பத் தேவையில்லை. சிறிய ஈ-க்கு இரண்டே பிட்டுகள், பெரிய ஈ-க்கு ஏழு பிட்டுகள் என்பதால், முழுவதையும் பெரிய எழுத்துகளில் தட்டச்சு செய்பவர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த முறையில் பிழைதிருத்தம் கிடையாது. மின்னல் வெட்டி ஒரு பிட் கெட்டால் ஓர் எழுத்து கெடும், அல்லது இரண்டு எழுத்துகள் ஒன்றாகிவிடும். அடுத்த 00 வந்ததும் எல்லாம் தன்னிலைக்குத் திரும்பிவிடும். நடுவில் ஓரிரு எழுத்து தவறினாலும் மனிதர் வாசித்துப் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட முறை இது, அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

கேட்டுப் பார்ப்பது

அனுப்புவதற்கு உரிமம் வேண்டும். ஆனால் கேட்டுப் பழக இன்று வானொலிப் பெட்டிகூடத் தேவையில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஆன்டெனாவோடு இணைக்கப்பட்டிருக்கும் ஒரு வானொலியை, இணைய உலாவி வழியே உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் பலர் தனித்தனியே திருப்பிக் கேட்கலாம். அதில் 14.070 மெகாஹெர்ட்ஸுக்குப் போய், மேல் பக்கப்பட்டை என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, ஸ்பீக்கரின் அருகில் மென்பொருள் நிறுவிய இன்னொரு கருவியை வைத்தால் போதும். எஃப்எல்டிஜி என்ற கட்டற்ற மென்பொருள் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதன் வழிவந்த ஆண்ட்ராய்டு செயலிகளும் உண்டு.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது கம்பி எதையும் இணைக்கவில்லை. வானொலியின் ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தள்ளி மடிக்கணினியை வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். மென்பொருளின் கீழ்ப்பகுதியில், வந்துகொண்டிருக்கும் ஒலியைப் படமாக்கிக் காட்டும் அருவி ஓடிக்கொண்டிருந்தது. இடமிருந்து வலம் அதிர்வெண், மேலிருந்து கீழே காலம்; ஒலி இருக்கும் இடத்தில் மஞ்சள் கோடு, இல்லாத இடத்தில் கருநீலம். சும்மா இருக்கும் பி.எஸ்.கே.31 சிக்னல் அந்த அருவியில் இரயில் தண்டவாளத்தைப் போல இரண்டு மெல்லிய இணைகோடுகளாக இறங்கும். யாரேனும் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் கோடுகளுக்கு நடுவே நிரம்பி நெளியும். அப்படி ஒன்றின் மேல் சுட்டியை வைத்துச் சொடுக்கினேன். முதலில் பொருளற்ற எழுத்துகள் சில வந்து விழுந்தன. பிறகு சி, க்யூ, மறுபடி சி, க்யூ. யாராவது பதில் சொல்லுங்கள் என்று உலகுக்கு விடுக்கும் அழைப்பு. அதன்பின் இத்தாலியைக் குறிக்கும் முன்னொட்டோடு ஓர் அழைப்புக்குறி, ஒவ்வோர் எழுத்தாக, அங்கே ஒருவர் விசைகளைத் தட்டும் வேகத்திலேயே வந்துசேர்ந்தது. தவறாக அடித்த சொல்லை அவர் பின்னோக்கி அழித்ததும்கூட என் திரையில் தெரிந்தது. காதால் கேட்டபோதோ, இரைச்சலுக்கு அடியில் மெல்லிய விசில் ஒன்று இருப்பதாக மட்டுமே என்னால் சொல்ல முடிந்திருக்கும்.

வானொலியின் எண்பலகையில் 14.070 என்று இருக்க, அருவியில் 1,000 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு சிக்னல் தெரிந்தால், அது உண்மையில் 14.071 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. எண்பலகையைத் தொடாமல், அருவியில் சொடுக்கும் இடத்தை மாற்றியே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகலாம். ஒருவர் வாயால் பேச எடுத்துக்கொள்ளும் அகலத்துக்குள், நூறு ஹெர்ட்ஸ் தள்ளி ஒன்றாக, இருபது உரையாடல்களுக்கு மேல் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்க முடியும்.

ஒலியின் அளவே எல்லாம்

அனுப்பத் தொடங்கும்போது கணினிக்கும் வானொலிக்கும் இடையே கம்பி வேண்டும். புதிய சிற்றலை வானொலிகள் பலவற்றில் ஒலி அட்டை உள்ளேயே இருக்கிறது, ஒரு யு.எஸ்.பி. கம்பி போதும். பழைய பெட்டி என்றால், கணினியின் ஒலி வெளியீட்டை மைக் நுழைவாயிலுக்கும், வானொலியின் ஒலி வெளியீட்டைக் கணினிக்கும் கொண்டுபோக வேண்டும். இரண்டு திசையிலும் ஒன்றுக்கொன்று என்ற விகிதத்தில் சுற்றிய சிறிய ஒலி மின்மாற்றியை நடுவில் வைத்தால், இரு கருவிகளின் எர்த் வழியே சுற்றிவரும் மின்சாரம் தடைப்பட்டு, ‘உம்’ என்ற இரைச்சல் நின்றுவிடும். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு ஒளியின் வழியே இயங்கும் சுவிட்சான ஆப்டோகப்ளரைக் கொண்டு ஒரு சிறு சுற்று அமைக்கலாம், அல்லது ஒலி வந்ததும் தானே அனுப்பத் தொடங்கும் வாக்ஸ் வசதியை இயக்கலாம்.

இவை ஒருநாள் வேலை. கற்றுக்கொள்ள நாளாவது ஒலியின் அளவைச் சரியாக வைப்பது. இங்கேதான் புதியவர்கள் ஏறத்தாழ அனைவரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். ஒலியைக் கூட்டினால் ஆற்றல் கூடும், தொலைவு கூடும் என்று தோன்றும். வானொலியின் பெருக்கி தாங்கும் அளவைத் தாண்டி ஒலி நுழையும்போது அலையின் உச்சிகள் தட்டையாகின்றன. பார்த்துப் பார்த்துச் செதுக்கிய அந்த மெல்லிய ஏற்ற இறக்கம் அழிந்து, தண்டவாளத்தின் இருபுறமும் புதிய தண்டவாளங்கள் முளைத்து, பக்கத்தில் உரையாடிக்கொண்டிருப்பவர்கள் மேல் போய் விழுகின்றன. என் முதல் வாரத்தில், எதிர்முனையில் இருந்தவர் என் சிக்னலுக்கு ஆறு கோடுகள் தெரிவதாகத் தட்டச்சு செய்து, ஒலியைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் எத்தனை கோடுகள் மிச்சம் என்று பொறுமையாக எழுதிக்கொண்டே வந்தார். இரண்டே கோடுகள் நின்றபோது நான் அனுப்பும் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் அவர் திரையில் என் எழுத்துகள் முன்பைவிடத் தெளிவாக இருந்தன. ஒலி மிகும்போது பெருக்கியைத் தானே அடக்கும் ஏ.எல்.சி. என்ற சுற்றுக்கு வானொலியில் உள்ள அளவுமானி அசையத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்றுக் கீழே ஒலியை நிறுத்துவதுதான் நடைமுறை விதி. 100 வாட் வானொலியில் 25 அல்லது 30 வாட்டுக்கு மேல் போக வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பேச்சில் இடைவெளிகள் இருக்கும், இந்தச் சுருதியிலோ இடைவெளியே இல்லை, நிமிடக்கணக்கில் முழு ஆற்றலில் இயங்கினால் பெருக்கி சூடேறிக் கெடும்.

கணினியில் மின்னஞ்சல் வந்தால் ஒலிக்கும் மணியையும் மற்ற அறிவிப்பு ஒலிகளையும் மறவாமல் நிறுத்திவைக்க வேண்டும். வாக்ஸ் இயங்கும்போது கணினி எழுப்பும் எந்த ஒலியும் வானேறிவிடும்.

சிற்றலைக்கு வெளியேயும் இதே உத்தி உதவுகிறது. கையடக்க வாக்கிடாக்கி ஒன்றின் மைக்கருகே கைபேசியைப் பிடித்து அதன் ஒலியை அனுப்பி, மறுமுனையில் இன்னொரு வாக்கிடாக்கியின் ஸ்பீக்கர் அருகே இன்னொரு கைபேசியைப் பிடித்தே செய்தியைப் பெறலாம். பேரிடர்ப் பயிற்சிகளில் அமெச்சூர்கள் இதைச் செய்து பழகுகிறார்கள். அறை ஒலியையும் எதிரொலியையும் தாங்க, பிழைதிருத்தம் கொண்ட அகலமான முறைகளை அங்கே பயன்படுத்துவார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் உள்ளிட்ட குழுவினர், தொலைபேசி அறுந்துபோன தீவுகளிலிருந்து மக்களைப் பற்றிய செய்திகளை நிலப்பகுதிக்குச் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கடத்த வேண்டியவற்றில் பெரும்பகுதி பெயர்ப் பட்டியல். சண்முகசுந்தரம் என்ற ஒரு பெயரை இரைச்சலுக்கு நடுவே வாயால் எழுத்துக்கூட்டிச் சொல்லி, மறுமுனையில் எழுதிக்கொண்டு, சரிபார்த்துத் திரும்பச் சொல்வதற்கு ஆகும் நேரத்தில், பிழைதிருத்தத்தோடு ஒரு பட்டியலே எழுத்தாகப் போய்விடும்.

பேச்சும் சமிக்ஞையும்

இன்று 14.070-க்குப் போனால் சில நாள்களில் அருவி வெறுமையாக இருக்கும். நான்கு கிலோஹெர்ட்ஸ் மேலே, 14.074-இல், கூட்டம் நெரியும். அங்கே நடப்பது எஃப்.டி.8. ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்க் இருவரும் 2017-இல் வெளியிட்ட முறை. பல்சார் எனப்படும் துடிக்கும் விண்மீன் ஒன்றை இரட்டை விண்மீன் அமைப்பில் கண்டுபிடித்ததற்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே டெய்லர்தான் இவர். வானத்து இரைச்சலில் புதைந்த மெல்லிய துடிப்பைத் தேடி எடுப்பதில் பெற்ற அறிவு இம்முறையில் தெரிகிறது. 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் எட்டுச் சுருதிகள், மொத்தம் 50 ஹெர்ட்ஸ் அகலம், 15 விநாடிக்கு ஒரு செய்தி. ஒருவர் அனுப்பும்போது மற்றவர் கேட்பார். 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள இரைச்சலின் நூறில் ஒரு பங்கு ஆற்றலே சிக்னலுக்கு இருந்தாலும் செய்தி பிழையின்றி வந்துசேரும்.

அதற்குக் கொடுக்கும் விலை, சொல்லக்கூடியது மிகக் குறைவு என்பது. ஒரு செய்திக்கு 77 பிட்டுகள்: இரண்டு அழைப்புக்குறிகள், அவற்றோடு ஒரு சிக்னல் அளவு அல்லது இருப்பிடத்தைக் குறிக்கும் வரைபடக் கட்டம். சென்னை என்.கே.03, மதுரை எம்.ஜே.99, திருச்சி எம்.கே.90 என்று உலகமே இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நம் விருப்பப்படி எழுத 13 எழுத்துகளுக்கே இடம் உண்டு. மெலிந்த சிக்னல் எங்கே எட்டுகிறது என்று அறிய இதைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன். ஆனால் ஒருவரோடு ஒருவர் உரையாட வேண்டும் என்றால், மழை பெய்கிறதா, ஆன்டெனா என்ன உயரம், இன்று என்ன சமையல் என்று கேட்க வேண்டும் என்றால், அதற்கு உரியது பி.எஸ்.கே.31-உம் அதன் உறவு முறைகளும்தான். தொடங்குபவர்கள் இரண்டையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும், முதலில் உரையாடலைக் கற்றுக்கொள்வது நல்லது என்றும் நான் உறுதியாக நினைக்கிறேன்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் நடக்கும் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். எந்த அலைவரிசையில் எவ்வகை ஒலிபரப்பு அனுமதிக்கப்பட்டது என்பது உரிமத்தின் தரத்தைப் பொறுத்தது, ஆகவே உரிமத்தோடு வரும் விதிகளை வாசித்த பிறகே அனுப்பத் தொடங்க வேண்டும். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உரிமம் வழங்குகிறது. அமெச்சூர் வானொலியில் இரகசியக் குறியீடுகளுக்கு இடமில்லை. வாரிகோடு போன்றவை இரகசியம் ஆகமாட்டா, ஏனெனில் அவற்றின் அட்டவணை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது.

தமிழில் அனுப்பலாமா?

நம்மவர்கள் கேட்கும் கேள்வி இது. விடை அனுப்பலாம் என்பதே. வாரிகோடு அட்டவணையில் ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து மொத்தம் 256 இடங்கள் உண்டு. ஒரு பைட்டுக்கும் 256 மதிப்புகளே உண்டு. ஆகவே யுனிகோடு தமிழை, யு.டி.எஃப்.-8 என்ற குறியாக்கத்தின்படி பைட்டுகளாக்கி, இருமுனையிலும் மென்பொருள் அப்படியே வாசிக்கும்படி அமைத்துக்கொண்டால் தமிழ் போகும். ஆனால் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ‘அம்மா’ என்ற சொல் கணினிக்கு அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்ற ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள், ஆக 15 பைட்டுகள். அட்டவணையின் பின்பகுதியில் இருப்பதால் அவை ஒவ்வொன்றுக்கும் 10 அல்லது 11 பிட்டுகளும், முடிவில் இரண்டு 0-களும் வேண்டும். கூட்டினால் 193 பிட்டுகள், ஆறு விநாடிக்குச் சற்று மேல். அதே சொல்லை ஆங்கில எழுத்துகளில், சிறிய எழுத்தில் அடித்தால் 28 பிட்டுகள், ஒரு விநாடிகூட ஆகாது. அதனால்தான் தமிழ் அமெச்சூர்கள் தமிழில் உரையாடும்போதும் ஆங்கில எழுத்துகளிலேயே அடித்துவிடுகிறார்கள்.

குறை தமிழில் இல்லை, ஆங்கிலத்துக்காக அளவெடுத்துத் தைத்த அட்டவணையில் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு 0 வரக் கூடாது என்ற விதிக்குள் நின்றுகொண்டே, தமிழுக்கென்று ஓர் அட்டவணை போட முடியும். வெற்றிடத்துக்கு முன்பு போல 1 இருக்கட்டும். தமிழ் உரைகளில் மிகுதியாக வரும் குறி புள்ளி என்பதால், ஆங்கில ஈ-க்குக் கொடுத்த 11-ஐப் புள்ளிக்குக் கொடுக்கலாம். துணைக்காலுக்கு நான்கு பிட்டுகள், அ-வுக்கும் ம-வுக்கும் ஐந்து ஐந்து பிட்டுகள் என்று வைத்துக்கொண்டால், ‘அம்மா’ 31 பிட்டுகளில் அடங்கி, ஒரு விநாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். செய்ய வேண்டியது, போதுமான அளவு தமிழ் உரையை எடுத்து ஒவ்வொரு குறியும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வரிசைப்படுத்தி, அந்த வரிசையில் சிறிய குறியிலிருந்து பெரிய குறி வரை பங்கிட்டு, அட்டவணையை எல்லோரும் காணும்படி வெளியிடுவது. எஃப்எல்டிஜியின் மூலநிரல் திறந்தே இருக்கிறது. அதில் வாரிகோடு அட்டவணை தனிக் கோப்பாகவே வைக்கப்பட்டிருக்கிறது.